மிச்சம் பிடிக்கப் போய்ச் செலவை இழுத்துவிடும் பழக்கங்கள்

வீட்டுச் செலவைக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்ததும் முதலில் நடப்பது இரண்டு காரியம். பிள்ளைகளைப் பார்த்து "லைட்டை அணை" என்று சத்தம் போடுவோம். சாமானை மொத்தமாக வாங்கிப் போடுவோம். இரண்டிலும் தப்பில்லை. ஆனால் 9 வாட் எல்இடி பல்பை இரண்டு மணி நேரம் அணைத்து வைத்தால் மிச்சமாவது ஒரு யூனிட்டில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. மொத்தமாக வாங்கிய பருப்பில் கால்வாசி வண்டு விழுந்து குப்பைக்குப் போனால், சல்லிசாக வாங்கிய லாபம் அதோடு போச்சு. பணம் எங்கே கசிகிறது என்று அளந்து பார்க்காமல், கண்ணில் பட்ட இடத்தில் மட்டும் இறுக்கிப் பிடிப்பதுதான் அடிப்படைத் தவறு. திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்து வெயிலுக்கும் சமையலுக்கும் ஏற்றபடி, அந்தக் கசிவுகளைப் பார்ப்போம்.

கரண்ட் பில் வந்த பிறகு மீட்டரைப் பார்ப்பது

வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு. முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். 500 என்ற எண்தான் பலருக்கும் தெரியாது. 500 யூனிட்டைத் தாண்டியதும், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைத்துவந்த சலுகை விலையும் சேர்ந்து போய்விடும். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி கணக்குப் போட்டால் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! அதற்குப் பிறகு கட்டணம் கூடித்தான் இருக்கிறது.

ஆகவே ரீடிங் எடுத்த தேதியையும் அன்றைய எண்ணையும் அடுக்களைக் காலண்டரில் எழுதி வையுங்கள். டிஜிட்டல் மீட்டரில் எண்கள் மாறி மாறி வரும். பக்கத்தில் 'கேடபிள்யூஎச்' (kWh) என்று காட்டும் எண்ணைத்தான் குறிக்க வேண்டும். முப்பதாம் நாள் மறுபடி பார்த்து, அந்த எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழியுங்கள். 250க்குள் இருந்தால் கவலையில்லை. 270, 280 என்று ஓடியிருந்தால் மிச்ச முப்பது நாளில் சரிசெய்ய இன்னும் அவகாசம் இருக்கிறது. பில் வந்த பிறகு வீட்டில் யார் மேல் கோபப்பட்டும் பிரயோஜனம் இல்லை.

எதைக் குறைப்பது என்பதில்தான் அடுத்த தவறு. நம்ம ஊர் வீட்டில் பல்பைவிட அதிகம் இழுப்பது மின்விசிறி. 75 வாட் பழைய விசிறி தினம் பத்து மணி நேரம் ஓடினால் ஒரு பில்லுக்கு 45 யூனிட். கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகையான 30 வாட் பிஎல்டிசி (BLDC) விசிறி அதே நேரம் ஓடினால் 18 யூனிட். வித்தியாசம் விசிறிக்கு 27 யூனிட். உடனே எல்லா விசிறியையும் மாற்றிவிட வேண்டாம். ராத்திரி முழுக்க ஓடும் படுக்கையறை விசிறியை முதலில் மாற்றுங்கள். ஆள் வந்தால் மட்டும் இரண்டு மணி நேரம் ஓடும் முன்பக்கத் தார்சா விசிறியை மாற்றினால் போட்ட காசு பல வருஷத்துக்குத் திரும்பாது. ரெகுலேட்டரையும் ஒரு பார்வை பாருங்கள். பெட்டி போலப் பெரிதாக, தொட்டால் சூடாக இருந்தால் அது பழைய வகை. அதில் வேகத்தைக் குறைத்தால் மிச்சமாக வேண்டிய கரண்டில் பெரும்பங்கு ரெகுலேட்டரில் சூடாகத்தான் போகும்.

செட்டாப் பாக்ஸை ரிமோட்டில் அணைத்தால் அது அணைவதில்லை. 10 வாட் இழுத்துக்கொண்டே கிடந்தாலும் இரண்டு மாதத்துக்கு 14 யூனிட். சுவர் சுவிட்சை அணைப்பது ஒன்றுதான் வழி.

மோட்டாருக்கு வருவோம். 1 எச்பி மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட். மச்சில் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டுத்தான் அணைக்கப் போவது என்று வைத்துக்கொண்டால், தினம் கால் மணி நேர வழிசலுக்கே பில்லில் 15 யூனிட் போகிறது. தண்ணீர் போவது தனி. உங்கள் தொட்டி நிரம்ப எத்தனை நிமிஷம் ஆகிறது என்று ஒருமுறை கடிகாரம் வைத்துப் பார்த்து, சுவிட்ச் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். 40 நிமிஷத்தில் நிரம்பியது திடீரென்று 60 நிமிஷம் எடுத்தால், கிணற்றிலோ போரிலோ நீர்மட்டம் இறங்கியிருக்கலாம், குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட் வால்வு கசியலாம், கெபாசிட்டர் சோர்ந்திருக்கலாம். கெபாசிட்டர் மாற்றுவது சின்னச் செலவு. கவனிக்காமல் ஓட்டினால் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் கருகி, அதைப் புதிதாகச் சுற்றும் ரீவைண்டிங் வரை இழுத்துவிடும்.

கீசரைப் பொறுத்தவரை ஒன்று சொன்னால் போதும்: பங்குனி, சித்திரையில் சாயங்காலம் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரே வெந்நீராகத்தான் வரும். அந்த மாதங்களில் கீசர் சுவிட்சுக்கு வேலை இல்லை.

விசில் வந்த பிறகும் தீயைக் குறைக்காதது

குக்கரில் அழுத்தம் ஏறி முதல் விசில் வந்ததும் உள்ளே வெப்பம் 120 டிகிரி பக்கம் போய்விடும். அதற்கு மேல் எவ்வளவு தீ வைத்தாலும் வெப்பம் ஏறாது. கூடுதல் தீ எல்லாம் ஆவியாக விசில் வழியே வெளியேறும். முதல் விசிலோடு சிம்மில் வைத்து, விசிலை எண்ணாமல் நிமிஷத்தை எண்ணுங்கள். அரை மணி நேரம் ஊறிய துவரம் பருப்புக்குச் சிம்மில் எட்டு முதல் பத்து நிமிஷம் போதும். அணைத்த பிறகு ஆவி தானாக இறங்கும்வரை விட்டால் அந்தச் சூட்டிலேயும் வேகும். அவசரப்பட்டு விசிலைத் தூக்கிவிட்டால் அந்த வேக்காடு வீண்.

தீ மஞ்சளாக எரிந்து பாத்திர அடி கரி பிடித்தால் கேஸ் முழுசாக எரியவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் பர்னர் துளையில் பால் பொங்கியதோ மாவு வழிந்ததோ அடைத்திருக்கும். ஊசியால் குத்தி, சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் மறுபடியும் மஞ்சள் தீதான். சின்னப் பாத்திரத்தைப் பெரிய பர்னரில் வைப்பதும் வேண்டாம். பக்கவாட்டில் ஏறுகிற தீ பாத்திரத்துக்குப் போகாது, அடுக்களையைத்தான் சூடாக்கும்.

புளித்துப்போன மாவு

ரேஷன் புழுங்கலரிசியில் நல்ல இட்லி வரும். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். கடையில் தினம் மாவுப் பாக்கெட் வாங்குவதோடு ஒப்பிட்டால் மிச்சம் கணிசமானது. ஆனால் கத்திரி வெயிலில் ராத்திரி முழுக்க வெளியே வைத்த மாவு விடியும் முன்பே பொங்கி வழிந்து, மறுநாள் வாயில் வைக்க முடியாதபடி புளித்துவிடும். பாதி மாவு அங்கணத்தில் ஊற்றப்படுவது இப்படித்தான். ஆட்டி முடித்ததும் மாவை இரண்டாகப் பிரியுங்கள். மறுநாளுக்கு வேண்டியதை மட்டும் வெளியே வையுங்கள்; சித்திரையில் ஐந்தாறு மணி நேரம் போதும். மிச்சத்தைப் புளிக்க விடாமல் அப்படியே ஃபிரிட்ஜில் வைத்து, தேவைப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு வெளியே எடுங்கள்.

சொதிக்கும் அவியலுக்கும் தேங்காய் இல்லாமல் நமக்கு ஆகாது. உடைத்த தேங்காயில் கண் உள்ள மூடிதான் முதலில் கெடும். அதை முதலில் துருவுங்கள். உடைக்காத தேங்காயின் குடுமியை முன்கூட்டியே பிய்த்துவிடாதீர்கள்; கண் வழியாகத்தான் கெடுதல் உள்ளே இறங்கும்.

வருஷச் சாமானைச் சூட்டோடு மூடுவது

பலர் அதிகம் இழப்பது இங்கேதான். பருப்பை வெயிலில் காயப்போட்டுவிட்டு, சாயங்காலம் அள்ளிய கையோடு டப்பாவில் கொட்டி மூடிவிடுவார்கள். பருப்பு அப்போது சூடாக இருக்கும். ராத்திரி டப்பா குளிரும்போது உள்ளே இருந்த ஆவி மூடியின் அடியில் நீராகப் படியும். மறுநாள் காலை மூடியைத் திறந்து உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள், ஈரம் தெரியும். அந்த ஈரம் போதும், பூசணமும் வண்டும் வர. காலை பத்து முதல் மூன்று மணி வரை இரண்டு நாள் வெயில் காட்டி, வீட்டுக்குள் துணியில் பரப்பி, கைக்குச் சூடு தெரியாமல் ஆறிய பிறகுதான் டப்பாவில் போட வேண்டும். மேலே நாலைந்து மிளகாய் வத்தல் போடுங்கள்.

அரிசிக்கு இந்த முறை கூடாது. அரிசியைக் கடும் வெயிலில் போட்டால் மணியில் கீறல் விழுந்து, உலையில் உடைந்து குழையும். நிழலில் பரப்பி, சுளகில் புடைத்து, காய்ந்த வேப்பிலையோடு வைத்தால் போதும்.

மாசி, பங்குனியில் புதுப்புளி வரும். கொட்டைப்புளி விலை குறைவாகத் தெரியும்; ஆனால் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொட்டைதான். கொட்டைப்புளி விலையோடு அதில் பாதியைக் கூட்டிப் பாருங்கள். கொட்டை எடுத்த புளி அந்த விலைக்குள் கிடைத்தால் அதுவே லாபம், நாலு நாள் உட்கார்ந்து குத்துகிற வேலையும் இல்லை. ஒருநாள் வெயில் காட்டி, அடுக்கடுக்காகக் கல்லுப்புத் தூவி, மண்பானையிலோ கண்ணாடி ஜாடியிலோ அமுக்கி வையுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டவே வேண்டாம், புளி அதை அரித்துவிடும்.

மிளகாய் வத்தல் வாங்கும்போது குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும். வளைத்தால் ஒடியாமல் மடங்குகிற வத்தலில் நீங்கள் காசு கொடுப்பது தண்ணீருக்கு. காம்போடு சேமியுங்கள், அரைக்கும்போது காம்பை எடுத்தால் போதும். பொடியாகத் திரித்து வைப்பது இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம், நிறமும் காரமும் இறங்கிவிடும்.

தென்காசி, செங்கோட்டைப் பக்கம் ஆனி பிறந்தால் சாரல் வந்துவிடும். காயவைக்கிற வேலை எல்லாம் சித்திரை, வைகாசிக்குள் முடிய வேண்டும். திருநெல்வேலி, பாளையங்கோட்டைப் பக்கம் ஆடிக் காற்றிலும் காய வைக்கலாம், ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருமுறை டப்பாக்களைத் திறந்து பார்த்துக்கொண்டால் சரி.

இரண்டு கிலோ காய்க்கு மொத்தச் சந்தை

திருநெல்வேலி டவுன் நயினார்குளம் மொத்தச் சந்தையில் விலை குறைவு என்று பாளையங்கோட்டையிலிருந்து பைக்கில் போய் இரண்டு கிலோ தக்காளி வாங்கி வந்தால் பெட்ரோல் அந்த மிச்சத்தைத் தின்றுவிடும். மொத்தச் சந்தைக்குப் போவதென்றால் பக்கத்து வீட்டார் மூன்று நாலு பேர் சேர்ந்து ஒருவர் போக வேண்டும். வெங்காயம், உருளை, சேனை என்று தாங்குகிற காய்களை வாங்கிப் பங்கு போட வேண்டும். கீரை, கத்தரி, வெண்டைக்கு மகாராஜநகர் உழவர் சந்தை மாதிரி பக்கத்தில் இருப்பதே சரி. அங்கே அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும், பேரம் பேச வேண்டியதில்லை. காய் வாங்கப் போகும் முன் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டைத் திறந்து, ஏற்கெனவே கிடப்பதைக் குறித்துக்கொண்டு போங்கள். வாடிய அரைக் கட்டு முருங்கைக்காயும் நாலு கத்தரிக்காயும் இருந்தால் அன்றைக்குக் கூட்டாஞ்சோறு ஆக்கிவிடலாம், சந்தைக்கு மறுநாள் போனால் போதும்.