ஹெபடைடிஸ் சி பரிசோதனை: பாதி வழியில் நின்றுவிடும் தவறு

ரத்தத்தின் வழியே பரவிக் கல்லீரலைத் தாக்கும் வைரஸான ஹெபடைடிஸ் சி-யின் தொற்றைக் கண்டறியும் முகாம்களில் நேரும் தவறுகளில் மிகப் பெரியது, முதல் பரிசோதனையோடு வேலை முடிந்துவிட்டதாகக் கருதுவதே. விரல் நுனியில் ரத்தம் எடுத்துச் செய்யப்படும் அந்தப் பரிசோதனை, வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கிய ஆன்டிபாடியைத்தான் தேடுகிறது. தொற்றியவர்களில் ஏறத்தாழ 30 சதவீதத்தினருக்கு ஆறு மாதங்களுக்குள் சிகிச்சையின்றியே வைரஸ் நீங்கிவிடுகிறது. ஆனால் அதற்குப் பிறகும் அவர்களுடைய ரத்தத்தில் ஆன்டிபாடி பல ஆண்டுகள் தங்கியிருக்கும். ஆகவே, ‘பாசிட்டிவ்’ என்ற ஒற்றைச் சொல்லோடு வீட்டுக்கு அனுப்பினால், நோய் நீங்கியவர் வீணாக அஞ்சுவதும், நோயுள்ளவர் சிகிச்சைக்கு வராமலே போவதும் நேரும். வைரஸ் இப்போதும் உடலில் உள்ளதா என்பதை, அதன் மரபுப்பொருளைத் தேடும் ஆர்.என்.ஏ. பரிசோதனையே உறுதிசெய்யும். அதற்கான ரத்தத்தையும் அதே வருகையில் எடுத்துவிட வேண்டும்; இன்னொரு நாள் வரச் சொன்னால் பலர் திரும்பி வருவதில்லை.

அறிகுறி தென்படட்டும் என்று காத்திருப்பதும் ஆபத்தானது. பெரும்பாலோருக்கு மஞ்சள் காமாலையே வருவதில்லை; ஆனால் அவர்களில் சிலருக்குப் பல பத்தாண்டுகளில் கல்லீரல் சிறிது சிறிதாகச் சுருங்குகிறது. போதை ஊசி போட்டுக்கொள்பவர்களை மட்டும் சோதித்தால் போதும் என்ற எண்ணத்தால் தவறவிடப்படுவோர் ஏராளம். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2020-இல், பெரியவர்கள் அனைவரும் வாழ்நாளில் ஒரு முறையேனும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் எனப் பரிந்துரைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். அண்மையில் தொற்றுக்கு ஆளாகியிருக்கக்கூடியவர், உடனே செய்த ஆன்டிபாடி பரிசோதனையில் ‘நெகட்டிவ்’ வந்ததை நம்பி இருந்துவிடக் கூடாது. ஆன்டிபாடி தென்பட இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம், ஆர்.என்.ஏ. ஒன்றிரண்டு வாரங்களிலேயே தெரியவரும்.

இந்நோய்க்குத் தடுப்பூசி இல்லை. எனவே ஊசியின் தூய்மையில் காட்டும் அலட்சியத்துக்கு மன்னிப்பே கிடையாது. எகிப்தில் 1950-களிலிருந்து 1980-கள் வரை ஓர் ஒட்டுண்ணி நோயை ஒழிக்க நடந்த இயக்கத்தில், சரியாகக் கிருமிநீக்கம் செய்யப்படாத ஊசிகள் மீண்டும் மீண்டும் பயன்படுத்தப்பட்டதால், நல்ல நோக்கத்தோடு தொடங்கிய முயற்சியே இந்த வைரஸைப் பரப்பியது. அதே நாடு 2018-இல் தொடங்கிய இயக்கத்தில் ஏறத்தாழ 5 கோடி பேரைப் பரிசோதித்து, தொற்றுள்ளவர்களுக்கு இலவசச் சிகிச்சையும் அளித்தது. பரிசோதனையையும் மருந்தையும் பிரிக்காமல் வைத்ததே அதன் வெற்றிக்கு அடிப்படை என்பது என் கருத்து.

உணவைப் பகிர்வதாலோ கட்டித் தழுவுவதாலோ இது பரவாது. நோயாளியின் தட்டையும் டம்ளரையும் தனியே ஒதுக்கும் குடும்பங்கள், அவருடைய சவரக் கத்தியையும் பல் துலக்கியையும் பிறர் பயன்படுத்தாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பெரும்பாலும் 8 முதல் 12 வாரங்கள் உட்கொள்ளும் மாத்திரைகளால் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் முழுமையாகக் குணமடைகின்றனர். ஆனால் தொடங்கும் முன், கல்லீரலைத் தாக்கும் இன்னொரு வைரஸான ஹெபடைடிஸ் பி உள்ளதா என்று பார்க்கத் தவறக் கூடாது. இருந்தால், இந்தச் சிகிச்சையின்போது அது தீவிரமடையக்கூடும். மருந்து முடிந்து 12 வாரங்கள் கழித்து ஆர்.என்.ஏ. பரிசோதனை செய்தே குணமானதை உறுதிப்படுத்த வேண்டும். குணமானவருக்கும் மீண்டும் தொற்று வரலாம். கல்லீரல் ஏற்கெனவே சுருங்கியிருந்தால் புற்றுநோய் அபாயம் முற்றிலும் நீங்குவதில்லை என்பதால், அவர்கள் ஆறு மாதங்களுக்கு ஒரு முறை ஸ்கேன் எடுத்துக்கொள்வதை நிறுத்தக் கூடாது.