கதிர்வீச்சு விபத்து சிகிச்சை: வீட்டிலிருந்தே கற்கத் தொடங்குவது எப்படி?

அவசரப் பிரிவில் வேலை செய்யும் பலர் கதிர்வீச்சு நோயாளி ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. பார்க்காததால்தான் பயம், பயத்தால்தான் தாமதம். தொலைதூரக் கல்வி அந்தப் பயத்தைப் பெருமளவு போக்கும். ஆனால் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் போதாது, கையும் பழக வேண்டும்.

முதல் படி: ஒரு வேறுபாட்டை மனதில் பதியுங்கள்

பாடம் எதையும் திறப்பதற்கு முன் இது தெளிவாக வேண்டும். கதிர் பட்டவர் வேறு, உடலில் கதிரியக்கத் துகள் ஒட்டியவர் வேறு. எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வந்தவரைத் தொட்டால் நமக்கு ஒன்றும் ஆவதில்லை அல்லவா? அதுபோலத்தான் முதலாமவர். இரண்டாமவரிடமிருந்து துகள் பரவலாம். ஆனால் வெளி உடைகளைக் கழற்றினாலே 90 சதவீதம் வரை போய்விடும். அதனால் யாராக இருந்தாலும் மூச்சு, ரத்தப்போக்கு இவைதான் முதலில். கதிர்வீச்சை அளக்கும் மீட்டர் அப்புறம்.

இரண்டாம் படி: பாடத்தைத் தேர்ந்தெடுங்கள்

பன்னாட்டு அணுசக்தி முகமை இணையவழிப் பாடங்கள் நடத்துகிறது. அமெரிக்க சுகாதாரத் துறையின் ஆர்ஈஎம்எம் (REMM) என்ற கதிர்வீச்சு அவசர மருத்துவ இணையதளத்தில் என்ன செய்வது என்று வரிசையாகக் காட்டும் வரைபடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. தொடங்குபவருக்கு வரைபடமே நல்லது என்பேன். அணு இயற்பியலில் ஆரம்பிக்கும் பாடத்தை எடுத்தால் பாதியிலேயே விட்டுவிடுவீர்கள்.

மூன்றாம் படி: கையால் செய்து பாருங்கள்

அதிக நேரம் இதற்குத்தான் ஒதுக்க வேண்டும். சக ஊழியர் ஒருவரின் பழைய சட்டையில் டால்கம் பவுடரைத் தூவி, அவருக்கு முகக்கவசம் மாட்டிப் படுக்க வையுங்கள். சட்டையை முன்பக்கம் நடுவில் கத்தரியுங்கள். வெளிப்பக்கம் உள்ளே மடங்கும்படி, உடலிலிருந்து விலக்கிச் சுருட்டுங்கள். தலைவழியாக உருவவே கூடாது. தூசி முகத்தில் விழும். சுருட்டியதைப் பையில் போட்டுக் கட்டி, பெயரும் நேரமும் எழுதுங்கள். முடிந்ததும் உங்கள் கையுறையையும் தரையையும் பாருங்கள். பவுடர் எங்கெல்லாம் போயிருக்கிறதோ, அங்கெல்லாம் துகளும் போயிருக்கும்.

அடுத்து மீட்டர். நோயாளி வருவதற்கு முன்பே சுற்றுப்புறக் கதிர்வீச்சின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். உணர்கருவியைத் தோலில் படாமல் ஓரிரு சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்து, நொடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் வேகத்தில் நகர்த்துங்கள். எரிச்சல் வரும் அளவுக்கு மெதுவாகத் தோன்றும். அதுதான் சரியான வேகம். மீட்டர் இல்லையா? அதே அளவுள்ள ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு கடிகாரம் பார்த்துப் பழகலாம்.

நான்காம் படி: உண்மைச் சம்பவத்தைக் கூடிப் பேசுங்கள்

வாரம் ஒரு நாள் காணொளியில் நான்கைந்து பேர் சேர்ந்தால் போதும். 1987இல் பிரேசிலின் கோயானியாவில் நடந்ததை முதலில் எடுங்கள். கைவிடப்பட்ட ஒரு சிகிச்சை நிலையத்தின் பழைய இயந்திரத்திலிருந்து சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் வெளியேறியது. சுமார் 1,12,000 பேரைப் பரிசோதித்தார்கள். 249 பேரிடம் மாசு இருந்தது. நான்கு பேர் இறந்தார்கள். தொடக்கத்தில் வந்தவர்களின் புண்களை வெப்பமண்டல நோய் என்றே மருத்துவர்கள் நினைத்தார்கள். ‘வாந்தியும், காரணம் தெரியாத தோல் புண்ணும் சேர்ந்து வந்தால் நான் என்ன கேட்பேன்?’ என்று ஒவ்வொருவரும் பதில் சொல்லிப் பாருங்கள்.

ஐந்தாம் படி: ஒரே தாளில் எழுதுங்கள்

கதிர் பட்டு ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி என்றால் பட்ட கதிரின் அளவு அதிகம் என்று சந்தேகிக்க வேண்டும். ஆனால் பயத்திலும் வாந்தி வரும். அதனால் ரத்தத்தில் லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையை முதல் இரண்டு நாளில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். மருந்துகளையும் எழுதுங்கள்: உடலுக்குள் போன சீசியத்துக்கு பிரஷ்யன் புளூ, புளூட்டோனியத்துக்கு டிடிபிஏ. பொட்டாசியம் அயோடைடு கதிரியக்க அயோடினுக்கு மட்டும்தான்; இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

தாளின் மேலே கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரின் எண்ணைப் பெரிதாக எழுதி அவசரப் பிரிவு மேசையில் ஒட்டுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த எண்ணுக்கு அழைத்து, யாராவது எடுக்கிறார்களா என்று பாருங்கள்.