பரண்மேல் காத்திருக்கும்போது கால் விறைக்காமல் இருக்க

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் 9 நாள் பருவம், தேங்க்ஸ்கிவிங் எனும் நன்றி நவிலல் பண்டிகை வரும் வியாழனுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்குகிறது. நவம்பர் பிற்பகுதியான அப்போது விடியற்காலைக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி செல்சியஸ் வரை இறங்குவதுண்டு. சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பே சுட அனுமதி இருப்பதால், இருட்டோடு இருட்டாகக் காட்டுக்குள் நடந்து, மரத்தில் 15 முதல் 20 அடி உயரத்தில் கட்டிய இரும்புப் பரணில் ஏறி அமர்ந்துவிட வேண்டும். வெண்வால் மான் சிறு அசைவையும் கண்டுகொள்ளும் என்பதால், அதன்பின் காலை உதறிச் சூடேற்றவும் வழியில்லை.

கால் குளிர்ந்தால் இன்னொரு கால்சட்டையை மாட்டுவதுதான் பலரும் செய்வது. ஆனால் குளிருக்கான காரணம் பெரும்பாலும் நடந்து வந்த வழியிலேயே தொடங்கிவிடுகிறது. தடித்த உடுப்போடு அரை மைல் நடந்தால் தொடையும் பாதமும் வியர்க்கும். அசையாமல் உட்கார்ந்ததும் அந்த ஈரமே உடற்சூட்டை உறிஞ்சும். எனவே மெல்லிய மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர் உள்ளாடையின்மேல் ஒரே ஒரு கால்சட்டையுடன், சற்றே குளிர்வது போன்ற நிலையில் நடந்து செல்லுங்கள். மார்பு வரை ஏறும் தடித்த கால்சட்டையைப் பையில் வைத்துக்கொண்டு, மரத்தடியில் மூச்சு சீரானபின் அணியுங்கள். காலுறையையும் அங்கேயே மாற்ற வேண்டும். கழற்றிய காலுறையிலிருந்து டார்ச் வெளிச்சத்தில் ஆவி எழுவதை ஒருமுறை பார்த்தவர் இந்த வேலையைத் தவிர்க்க மாட்டார். பருத்தி உள்ளாடையும் ஜீன்ஸும் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால் அவற்றை வீட்டிலேயே விட்டுவிடலாம்.

அடுத்த எதிரி இறுக்கம். இரண்டு தடித்த காலுறைகளைத் திணித்துப் பூட்ஸை இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் குறைந்து, கம்பளி இருந்தும் விரல்கள் மரத்துப்போகும். ஒரு தடித்த கம்பளிக் காலுறையுடன் விரல்களைத் தாராளமாக அசைக்க முடிகிற, உள்ளுறையைக் கழற்றி இரவில் உலர்த்தக்கூடிய பூட்ஸே ஏற்றது. பரணின் இருக்கை விளிம்பும் தொடையின் பின்புறத்தை அழுத்தி இதே கெடுதலைச் செய்யும். தடித்த ஃபோம் மெத்தை ஒன்றைப் போட்டு, பாதங்கள் தளத்தில் முழுமையாகப் பதியும் உயரத்தில் அமருங்கள்.

அந்தத் தளமோ வெற்று இரும்பு. பூட்ஸின் அடிப்பாகம் வழியே சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். பழைய கம்பளத் துண்டொன்றை வெட்டித் தளத்தில் கட்டிவிட்டால் போதும். செலவில்லாத இந்த உபாயத்தை விலையுயர்ந்த பூட்ஸுக்கும் மேலாக மதிக்கிறேன். காலை நகர்த்தும்போது எழும் உரசல் ஒலியையும் அது அடக்கிவிடுகிறது.

சூடு தரும் பொட்டலங்களில் இருக்கும் இரும்புத் தூள் காற்றுப் பட்டால்தான் வெப்பம் தரும். ஆகவே அவற்றை முன்கூட்டியே பிரித்துச் சூடேறவிட்டு, காலுறையின் வெளிப்புறத்தில் விரல்களுக்கு மேலாக ஒட்டுங்கள். தோலில் நேரடியாகப் படக்கூடாது. இடையிடையே கெண்டைக்காலையும் தொடையையும் பத்து எண்ணும்வரை இறுக்கித் தளர்த்தினால், வெளியே அசைவு தெரியாமலே இரத்தம் ஓடும். மதுவைத் தவிர்த்துவிடுங்கள், சூடேறியது போன்ற உணர்வைத் தந்து உடற்சூட்டைத் தோல்வழியே வெளியேற்றிவிடும்.

கால்களையும் சேர்த்து மூடும் பை போன்ற மேலுறை நல்ல கதகதப்புத் தரும். ஆனால் விழாமல் காக்கும் பாதுகாப்பு வார் அதற்குள்ளே உடலோடு பூட்டப்பட்டு, மரத்தோடு இணைக்கும் பட்டை அதற்குரிய திறப்பு வழியே வெளியே வந்திருக்க வேண்டும். அந்த மேலுறையை அணிந்தபடி ஏறவோ இறங்கவோ ஒருபோதும் முயலாதீர்கள். மணிக்கணக்காக மடங்கியிருந்த கால் ஏணிப்படியின் இடத்தைச் சரியாக உணராது. எனவே இறங்கும் முன் உறையைக் கழற்றி, வாரைப் பிணைத்தபடியே எழுந்து நின்று, இரண்டு மூன்று நிமிடம் முழங்காலை மடக்கி நீட்டி, பாதத்தில் உணர்வு திரும்பியதை உறுதிசெய்த பிறகே முதல் படியில் கால் வையுங்கள்.