முகத்துவாரத்தில் தூண்டில் போடப் பழகுவோருக்கு

சென்னையில் தூண்டில் மீன்பிடிப்பைப் பழக விரும்புவோருக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள முட்டுக்காட்டு உப்பங்கழியும், கோவளத்தை ஒட்டி அது கடலோடு கலக்கும் இடமும் நல்ல தொடக்கம். அடையாறு, கூவம் முகத்துவாரங்கள் நகருக்குள்ளேயே இருந்தாலும், கழிவுநீர் கலக்கும் அந்த நீரில் பிடித்த மீனைச் சமைக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

புதிதாக வருவோர் கோலுக்கும் ரீலுக்கும் பெரும் பணம் செலவிடுகிறார்களே தவிர, நீர் ஏறுவதையும் வற்றுவதையும் கவனிப்பதில்லை. கடல் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு முறை உயர்வதால், ஏற்றத்தின் நேரம் நாள்தோறும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓட்டம் வலுவாக இருக்கும். ஏற்றம் முடிந்து நீர் வடியத் தொடங்கும்போது, கழிக்குள் இருக்கும் இறாலும் சிறுமீன்களும் கடலை நோக்கி இழுத்து வரப்படுவதால், அவற்றைத் தின்னும் கொடுவா மீன், வேகமான நீரும் அமைதியான நீரும் சந்திக்கும் ஓரத்தில் காத்து நிற்கும். இரையை அந்த ஓரத்தில்தான் இறக்க வேண்டும். கோடையில் மணல்திட்டு வாயை அடைத்துவிட்டால் கழிக்குள் இந்த ஏற்றவற்றம் நின்றுபோகும் என்பதால், முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்று உள்ளூர் மீனவர்களிடம் கேட்டுவிட்டுப் புறப்படுவது நல்லது. அவர்கள் வலை விரித்திருக்கும் இடத்தின் குறுக்கே தூண்டில் வீசாதீர்கள்.

கருவிகள் எளியவையே போதும்: ஏழெட்டு அடிக் கோல், நடுத்தர ரீல், துளையுள்ள ஈயக்குண்டு. கொடுவாவின் செவுள்மூடி கத்திபோல் அறுக்கும். ஆகவே தூண்டில் முள்ளுக்கு மேலே இரண்டடிக்குத் தடித்த நரம்பை, அதாவது நைலான் இழையை, கட்டுங்கள், பிடித்த மீனைச் செவுள் பக்கம் தொடாதீர்கள். உயிருள்ள இறாலை மாட்டும்போது, தலையில் தெரியும் கரும்புள்ளியைத் தவிர்த்து, கொம்புக்கு அடியில் முள்ளைச் செலுத்தினால் அது நெடுநேரம் நீந்தும். பாசியை மேயும் மடவை மீன் பெரும்பாலும் இறாலைத் தொடாது; அதற்கு மாவு உருண்டை வேண்டும்.

கெளுத்தி சிக்கினால் விழிப்பு தேவை. அதன் முதுகுத் துடுப்பிலும் பக்கத் துடுப்புகளிலும் உள்ள முட்கள் நஞ்சுள்ளவை. குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைத்திருந்து, பிறகு மருத்துவரைப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வெள்ளம் கடலுக்குள் பாயும் நாட்களில் முகத்துவாரத்து நீரில் இறங்கவே கூடாது.

கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, பல கிலோ எடைக்கு வளர்ந்த பின்னரே பெண்ணாக மாறுகிறது. மிகப் பெரிய கொடுவாக்கள் பெரும்பாலும் முட்டையிடும் பெண் மீன்கள் என்பதால், அவற்றையும் குஞ்சுகளையும் நீரில் விட்டுவிட்டு, இடைப்பட்ட அளவில் ஒன்றிரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளும்படி மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

அறுந்த நரம்பை ஒரு துண்டுகூட மணலில் விடாதீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை இக்கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமைகள் அதில் சிக்கிக்கொள்ளும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படும் உயிர்கள் அவை. மூடியுள்ள ஒரு டப்பாவைக் கையோடு கொண்டு சென்று, துண்டு நரம்புகளை அதிலிட்டு வீட்டுக்கு எடுத்து வந்து, சிறு துண்டுகளாக நறுக்கிய பின்னரே குப்பையில் சேருங்கள்.