கெல்ஸ் புத்தகத்தில் தங்கம் கிடையாது

இடைக்கால ஐரோப்பாவின் ஓவியச் சுவடிகளைக் கையால் படியெடுக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் ஓடிப்போய் வாங்குவது தங்க ரேக்கு. எந்தச் சுவடியை எடுத்திருக்கிறோம் என்று பார்த்துவிட்டு வாங்கலாம். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கும் கெல்ஸ் புத்தகம் என்ற நற்செய்திச் சுவடி சுமார் கி.பி. 800-ஐச் சேர்ந்தது. அதில் தங்கமே இல்லை. தங்கம் போலத் தெரிகிற மஞ்சள், நம் சித்த மருந்துகளிலும் வருகிற அரிதாரம் என்ற மஞ்சள் கனிமம்தான். தங்கமோ வெள்ளியோ இருந்தால்தான் 'இல்லுமினேட்டட்' (ஓவியமும் அலங்காரமும் கொண்ட சுவடி) என்று சொல்லலாம் என வாதிடும் கறார்ப் பேர்வழிகளும் உண்டு. அவர்கள் கணக்கில் கெல்ஸே தேறாது! அதன் எழுத்தும் உருண்டை வடிவம்தான். பல நூற்றாண்டு கழித்து வந்த கூர்மையான காதிக் எழுத்தை அதில் எழுதினால் எல்லாமே பொய்யாகிவிடும்.

சரி, 14, 15-ஆம் நூற்றாண்டுப் பிரார்த்தனை நூல் ஒன்றை எடுத்தால் தங்கம் வேண்டும். அதில் பலர் சறுக்குவது வரிசையில். முதலில் எழுத்து, அடுத்து தங்கம், அப்புறம்தான் வண்ணம். வண்ணத்தை முதலில் பூசினால் அதிலுள்ள பிசினில் ரேக்கு கண்ட இடமெல்லாம் ஒட்டிக்கொள்ளும்; அகேட் கல்லால் தேய்த்து மெருகேற்றும்போது வண்ணமும் சேர்ந்து தேயும். தங்கம் முந்திவிட்டால் அதன் பிசிறான ஓரங்களை வண்ணமே மூடிவிடும்.

தங்கத்துக்கு அடியில் வைக்கும் ஜெஸ்ஸோ என்ற பூச்சிலும் ஒரு குழப்பம். கடையில் டப்பாவில் கிடைக்கிற அக்ரிலிக் ஜெஸ்ஸோ கேன்வாஸுக்கானது, அதில் மெருகு ஏறாது. பழைய ஜெஸ்ஸோ, நீரில் நன்றாக ஊறவைத்த ஜிப்சம், கொஞ்சம் ஈய வெள்ளை, தோல் அல்லது மீன் பசை, சர்க்கரை அல்லது தேன் சேர்ந்த கலவை. அந்த இனிப்புதான் ஈரத்தை இழுத்துப் பிடிக்கிறது. ஒரு குழாய் வழியாக வாயால் ஊதினால் மூச்சின் ஈரத்திலேயே ரேக்கு பிடித்துக்கொள்ளும். ஏசி அறையில் உட்கார்ந்து 'ஒட்டவே மாட்டேன் என்கிறது' என்று புலம்பினால் குற்றம் ரேக்கின் மேல் இல்லை. காற்று வறண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

மாசிக்காய், அன்னபேதி (ஓர் இரும்பு உப்பு), பிசின் மூன்றும் சேர்ந்த மை எழுதும்போது வெளிறித்தான் இருக்கும். காற்றுப் பட்டுத்தான் கறுக்கும். பொறுமையில்லாமல் மேலே இன்னொரு முறை எழுதினால் எழுத்து தடித்துப்போகும்.

சுவடிப் பக்கமாகப் பயன்படும் கன்றுத்தோலில் வண்ணத்தை நீர்க்கக் கரைத்துப் பூசக் கூடாது, தோல் சுருங்கி நெளியும். கை வைக்கும் இடத்தில் ஒரு காகிதத்தையும் போட்டுக்கொள்ளுங்கள், எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் மை பிடிக்காது. பழசாகத் தெரியட்டும் என்று தேநீர் ஊற்றிப் பக்கத்தைப் பழுப்பாக்குவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத வேலை. மூடியே கிடந்த சுவடிகளில் நிறங்கள் இன்றும் பளிச்சென்று இருக்கின்றன.

அசல் நிறமிகள்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் கவனிக்க: அரிதாரத்தில் ஆர்சனிக், சிவப்பு நிறமியான சாதிலிங்கத்தில் பாதரசம், ஈய வெள்ளையில் ஈயம். அரிதாரத்தை ஈய வெள்ளையோடு சேர்த்தால் நாளடைவில் கறுத்தும் போகும். தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கம் இருந்தால், இவற்றைத் திறக்கும் முன்பே அதை விட்டுவிடுங்கள்.