மலை ஏறப்போகும் பழைய கார்: மலையகத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காக இலங்கையின் மலையகத்துக்கு வருகிறவர்கள் வீடு, விசா, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் ஒரு வழிக்கு வந்ததும் என்னிடம் கேட்பது, "எந்தக் கார் வாங்கலாம்?" என்றுதான். நான் 2014இல் போடியிலிருந்து தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு இயந்திர வேலைக்கு வந்தவன். இதுவரை மூன்று பழைய கார்கள் வைத்திருந்தேன். முதலாவதில் நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் விலை. கேட்டதும் தலை சுற்றும். இருபது வருடம் ஓடிய சின்னக் காருக்கே பத்து இலட்சம் இலங்கை ரூபாயைத் தாண்டிச் சொல்வார்கள். ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். வெளிநாட்டுச் செலாவணி நெருக்கடியால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றுபோனது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. ஐந்து வருடம் புது வண்டியே வராத நாட்டில் இருக்கிற வண்டியைத்தான் திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். அதனால் முப்பது வருட நிசான் சனி (Sunny) ஒன்று தினமும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போவதைப் பார்த்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அந்த வண்டியின் சொந்தக்காரரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள்.

சில சொற்களையும் பழகிக்கொள்ளுங்கள். நாம் 'செகண்ட் ஹேண்ட்' என்பதை இங்கே 'பாவித்த கார்' என்பார்கள். ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே இறங்கியது 'ரீகண்டிஷன்'. பெட்ரோல் பங்க் என்றால் 'ஷெட்'. ஒர்க்‌ஷாப் என்பது 'கராஜ்', அங்கே கை தேர்ந்தவர் 'பாஸ்'.

என் முதல் காரைக் கொழும்பில் வாங்கினேன். எந்தக் கம்பெனிக் கார் என்பது முக்கியமில்லை, ஏனென்றால் தப்பு கம்பெனி மேல் இல்லை. விற்றவர் காலையில் காலி முகத்திடல் பக்கம் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார். பஞ்சு மாதிரி ஓடியது. அன்று மாலையே மனைவியையும் கைக்குழந்தையையும் ஏற்றிக்கொண்டு அவிசாவளை வழியாக மலைக்குத் திரும்பினேன். கினிகத்தேனை தாண்டி ஏற்றம் பிடித்ததும் வெப்ப முள் மெல்ல மெல்ல மேலே போனது. வட்டவளை வருமுன் பானெட் முழுக்க ஆவி. மழை வேறு. ஒரு தோட்டத்து லொறிக்காரர்தான் நிறுத்தி, "அண்ணே, மூடியத் தொறந்துடாதீங்க" என்று கையைப் பிடித்துத் தடுத்தார். அவர் தடுத்திருக்காவிட்டால் கொதிக்கிற தண்ணீர் என் முகத்தில் அடித்திருக்கும்.

மறுநாள் ஹட்டனில் பாஸ் ஒருவர் கழற்றிப் பார்த்துவிட்டு, "சேர், இது கீழ ஓடுற வண்டி" என்றார். ரேடியேட்டரின் உள்ளே பாதிக் குழாய்கள் துருவால் அடைத்திருந்தன. சூட்டுக்கு ஏற்பத் தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டை யாரோ முன்பே கழற்றி எறிந்திருக்கிறார்கள். கூலன்ட்டுக்குப் பதிலாக வெறும் குழாய்த் தண்ணீர். சமவெளியில் ஓடும்போது இந்தக் குறை தெரியவே தெரியாது. இரண்டாம் கியரில் முக்கால் மணி நேரம் இஞ்சினை முறுக்கி ஏறும்போதுதான் தெரியும்.

ஆகவே நான் சொல்ல விரும்புவது இதுதான்: கொழும்புக்காரர் தன் காரைப் பற்றிச் சொல்கிற நல்ல வார்த்தை கொழும்புக்குத்தான் பொருந்தும். நீங்கள் எந்த உயரத்தில் குடியிருக்கப் போகிறீர்களோ, அந்த உயரத்தில் பல வருடம் அதே மாடலை வைத்திருப்பவரிடம் கேளுங்கள். பார்த்த வண்டியையும் ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள், குறைந்தது அரை மணி நேரம். தலவாக்கலையிலிருந்து நானுஓயா வழியாக நுவரெலியா வரை ஏறினால் நல்ல பரீட்சை. கண்டிப் பக்கம் பார்ப்பவர்களுக்குக் கடுகண்ணாவை ஏற்றம் இருக்கிறது. மேலே போனதும் இஞ்சினை அணைக்காமல் பத்து நிமிடம் நிறுத்தி முள்ளைப் பாருங்கள். ரேடியேட்டர் பக்கத்துச் சின்ன டாங்கியில் குமிழிகள் இடைவிடாமல் வந்துகொண்டே இருந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். பெரும்பாலும் ஹெட் கேஸ்கட் (இஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கும்.

ரேடியேட்டர் மூடியை யாரும் கவனிப்பதில்லை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். அந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்து அந்தக் கொதிநிலையை உயர்த்துவது மூடியின் ரப்பர் வளையமும் ஸ்பிரிங்கும்தான். அது தளர்ந்த காரில் வேறு எது நன்றாக இருந்தும் பயனில்லை. எந்தப் பழைய கார் வாங்கினாலும் முதல் நாளே புது மூடி போட்டுவிடுங்கள், சின்னச் செலவுதான். ஒயில் ஊற்றும் மூடியின் அடியில் மோர் மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தால் தமிழ்நாட்டில் நாம் உடனே பயப்படுவோம். இங்கே குளிரில் தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் கார்களில் ஈரம் ஒட்டி அப்படிக் கொஞ்சம் இருப்பது வழக்கம். ஒயில் குச்சியிலும் அதே நிறம் இருந்தால்தான் பயப்பட வேண்டும்.

இனி மாடல்கள். இங்கே சொந்தக்காரர்கள் சொல்லக் கேட்டதையும் நானே ஓட்டிப் பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

மாருதி 800 நமக்குப் பழக்கமான வண்டி. 796 சிசி, 37 குதிரைத் திறன். டர்போ இல்லாத இஞ்சின் ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் பத்து சதவீதம் போல இழுவையை இழக்கும். அப்படிப் பார்த்தால் நுவரெலியாவில் முப்பதுதான் மிஞ்சும். நாலு பேரும் ஒரு மூட்டை மரக்கறியும் ஏறினால் இரண்டாம் கியரை விட்டு எழும்பாது. ஆனாலும் எங்கள் தொழிற்சாலைக் கணக்கர் பதினொரு வருடமாக அதைத்தான் வைத்திருக்கிறார், விற்க மனமில்லை. எடை குறைவு என்பதால் இறக்கத்தில் பிரேக்குக்குப் பாரமில்லை, உதிரிப்பாகம் ஹட்டனிலேயே கிடைக்கும், எந்த பாஸுக்கும் திருத்தத் தெரியும். தனியாகவோ இரண்டு பேராகவோ போகிறவர்களுக்கு நானும் அதையே சொல்வேன்.

குடும்பமாக இருந்தால் நிசான் எஃப்பி15 சனி அல்லது டொயோட்டா கொரோலா 121. இரண்டிலும் அவ்வப்போது மாற்ற வேண்டிய டைமிங் பெல்ட் இல்லை, செயின்தான். எங்கள் பக்கத்து வீட்டு ஆசிரியர் எஃப்பி15 வைத்திருக்கிறார். இழுவை போதும், ஆனால் சென்சர்கள் வயதாகிவிட்டதால் ஈரம் அதிகமான ஆடி மாதத்தில் சில நாள் ஐடிலில் இருமும் என்கிறார். 121 விலை கூடியது. நான் இப்போது ஓட்டுவது அதுதான், மலைக்கு இதைவிட நிம்மதியான பழைய காரை நான் பார்க்கவில்லை. அதற்கு முந்தைய 110 கொரோலாவும் உறுதியானதே. அதன் பெட்ரோல் இஞ்சினில் பெல்ட் இருக்கிறது, கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். அதிலேயே 2சி டீசல் இஞ்சின் உள்ளது வந்தால் யோசியுங்கள். அந்த இஞ்சின் ஒரு தடவை கடுமையாகச் சூடேறினால் ஹெட்டில் வெடிப்பு விழுந்துவிடும் என்பது இங்கே எல்லா பாஸுக்கும் தெரிந்த விஷயம். மலையில் அது சூடேற வாய்ப்பு நிறைய.

கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிகளைக் கீழே டியூன் செய்தபடியே மேலே கொண்டுவந்தால் காற்று மெலிந்து பெட்ரோல் கூடிப்போகும். கறுப்புப் புகை வரும், புகைப் பரிசோதனையில் தோற்கும். இங்குள்ள பாஸிடம் மறுபடி டியூன் செய்தால் சரியாகிவிடும், அதற்காக நல்ல வண்டியை விட வேண்டாம்.

ஹைபிரிட் பற்றி நிறையக் கேட்கிறார்கள். டொயோட்டா அக்குவா, பிரியஸ் இரண்டும் மலையில் தாராளமாக ஏறும். பழைய பேட்டரியின் நிலையை மட்டும் ஸ்கேன் செய்து பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ரம்பொடை இறக்கம் மாதிரி நீண்ட இறக்கத்தில் பேட்டரி நிரம்பியதும் இஞ்சின் தானாகச் சத்தம் போட்டுச் சுழலும். புதியவர்கள் வண்டி கெட்டுவிட்டது என்று பதறிப்போவார்கள். அது இயல்பானது, கியரை 'பி'யில் (B, பார்க்கிங் 'P' அல்ல) போட்டு இறங்குங்கள். இரட்டைக் கிளட்ச் கியர் உள்ள 2013, 2014 காலத்து ஹொண்டா ஃபிட், வெசல் ஹைபிரிட்களை ஜப்பானிலேயே பல தடவை திரும்ப அழைத்துச் சரிசெய்தார்கள். ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவுக்குள் வாகனங்கள் ஊர்ந்து ஏறும்போது அப்படிப்பட்ட கியர் சூடாகும். நெரிசலில் அடிக்கடி ஏறுகிறவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

ஏறுவதைப் பற்றி இவ்வளவு சொன்னேன், உயிரை எடுப்பது இறக்கம். நானுஓயா ரதல்ல குறுக்குப் பாதையில் 2023 ஜனவரியில் ஒரு பஸ் வேனிலும் ஓட்டோவிலும் மோதி ஏழு பேர் இறந்தார்கள். இன்றைக்கும் அந்த வழியாகப் போகும்போது என் கை தானாகக் கியரைக் குறைக்கும். போடிமெட்டில் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும். ஓட்டோமேட்டிக் கியர் என்றால் 'டி'யிலேயே விட்டுவிட்டுப் பிரேக்கில் காலை ஊன்றி வராதீர்கள். தொண்ணூறுகளின் ஜப்பான் கார்களில் கியர்க் கம்பில் ஓவர்டிரைவ் பட்டன் இருக்கும், அதை அணையுங்கள். போதாவிட்டால் '2', இன்னும் செங்குத்தென்றால் 'எல்'. கருகிய வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி, ஆறிய பிறகு புறப்படுங்கள். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் வளைந்துவிடும்.

பிரேக் ஒயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டொட் 3 வகை பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை வரை கொதிக்காது. ஈரம் குடித்த பிறகு 140இலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் பெடல் பஞ்சு போல உள்ளே போகும், வண்டி நிற்காது. மலையகத்தின் மழைக்கு இரண்டு வருடத்துக்கு மேல் அதை விடக்கூடாது. வாங்கிய வாரமே மாற்றுங்கள். பக்கத்தில் நின்று பாருங்கள், மாற்றியதாகச் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள்.

பத்திர வேலை சுருக்கமாக. வண்டியை ரோட்டில் ஓட்ட அனுமதிக்கும் வருமான உத்தரவுப் பத்திரம் வருடா வருடம் எடுக்க வேண்டும், அதற்குக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றும் தேவை. 'ஓபன் பேப்பர்' என்று, பெயர் மாற்றாமல் கையெழுத்திட்ட படிவத்தோடு விற்க வருவார்கள். மலிவாகத் தெரிந்தாலும் வெளிநாட்டிலிருந்து வந்த நமக்கு அது வேண்டவே வேண்டாம். பதிவுப் புத்தகத்தில் லீசிங் கம்பெனியின் பெயர் இருந்தால் கடன் முடிந்ததற்கான கடிதம் கையில் வரும்வரை முன்பணம் கூடக் கொடுக்காதீர்கள். பழைய தகட்டில் மாகாண எழுத்து இருக்கும்: 'சிபி' மத்திய மாகாணம், 'யூபி' ஊவா, 'டபிள்யூபி' மேல் மாகாணம். வண்டி எங்கே பதிவானது என்று அதில் தெரியும், எங்கே ஓடியது என்பதைச் சொந்தக்காரரிடம்தான் கேட்க வேண்டும். உங்கள் இந்திய லைசன்ஸை வதிவிட விசாவோடு கொழும்புப் பக்கம் வேரஹெரவில் உள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் காட்டி, ஓட்டுவதற்கு முன்பே வழி கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் மூடுபனி. பகல் மூன்று மணிக்கே நானுஓயாப் பக்கம் பத்தடி தெரியாது. ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் முன்னால் நிற்கும், லோ பீமில் வாருங்கள். வைப்பர் ரப்பரும் கண்ணாடிக்குச் சூட்டுக் காற்று தரும் ஹீட்டரும் வேலை செய்கின்றனவா என்று வாங்கும்போதே பாருங்கள், கீழ்நாட்டு வண்டிகளில் ஹீட்டர் குழாயைக் கழற்றி அடைத்திருப்பார்கள். முடக்கில் (வளைவில்) ஹாரன் அடிப்பது இங்கே மரியாதைக் குறைவில்லை. ஏறி வருகிறவருக்கு இடம் விட்டு நில்லுங்கள்.

டிக்கியில் ஐந்து லீட்டர் தண்ணீர், டோர்ச், ஒரு மரக்கட்டை வைத்திருங்கள். ஏற்றத்தில் வண்டி நின்றால் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாமல் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். கட்டை இல்லாமல் ரோட்டோரக் கல்லை வைத்திருந்தால், புறப்படும்போது அதை எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டுப் போங்கள். பின்னால் பனிக்குள் ஓட்டோ வரும்.