தூர்னதோ ரொசினி, திருகோணமலைக் குசினியில்

தூர்னதோ ரொசினி எண்டது அண்டர்கட்டில் செய்யிற பிரெஞ்சுச் சாப்பாடு. அண்டர்கட் எண்டது மாட்டின் முதுகெலும்புக்குக் கீழ இருக்கிற மெதுவான இறைச்சி. திருகோணமலையில் அது வேணுமெண்டால் முதல் நாளே இறைச்சிக்கடை நானாவிட்ட சொல்லி வையுங்கோ. ஒரு மாட்டில் ரெண்டே ரெண்டு துண்டுதான் இருக்கும். எங்கட மாடு சின்னது, கொழுப்பும் குறைவு. முழுத் துண்டாக வாங்கினாலும் வால்பக்கம் மெலிஞ்சு போயிருக்கும். நடுப்பகுதிதான் இந்தச் சமையலுக்கு உதவும். "வெட்டாமல் முழுசாத் தாங்கோ நானா" எண்டு கட்டாயம் சொல்லுங்கோ. சொல்லாட்டி, பழக்கத்தில் கறிக்கு வெட்டுற மாதிரித் துண்டாக்கிப் பையில் போட்டிடுவார். பௌர்ணமி விடுமுறையான போயாவுக்கு இறைச்சிக்கடையும் இல்லை, வைன் விக்கிற கடையும் இல்லை. கலண்டரைப் பார்த்துவிட்டு நாள் குறியுங்கோ.

நான் பாரிஸில் கோப்பை கழுவப் போய், மெல்ல மெல்ல அடுப்படிக்கு ஏறினவன். அங்க பிரெஞ்சு உணவகங்களின் குசினிக்குள்ள எட்டிப் பார்த்தால் எத்தனையோ இடத்தில் தமிழ்க் கதை கேட்கும். பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாசப்பலில் மரக்கறி வாங்கிச் சமைச்சுச் சாப்பிடுற எங்கட பெடியள்தான் வெள்ளை மேசை விரிப்புக்காரருக்கு இந்த இறைச்சியையும் வாட்டிக் குடுக்கிறாங்கள். இப்ப திருகோணமலைப் பாலையூற்றில் இருக்கிறன். வீட்டில் விசேசம் எண்டால் பிரியாணிக்குப் பதிலாக இதைத்தான் கேட்கினம்.

சாப்பாடு இதுதான்: நெய்யில் பொரிச்ச வட்டப் பாண் துண்டு, அதுக்கு மேல மொத்தமாக வெட்டி வாட்டின அண்டர்கட், அதுக்கு மேல ஃபுவா கிரா எண்டு சொல்லுற கொழுத்த வாத்தீரல், உச்சியில் கறுப்பு ட்ரஃபிள் எண்ட வாசமான நிலத்தடிக் காளானின் சீவல், சுத்திவர மதேரா எண்ட போர்த்துக்கல் வைன் விட்ட சோஸ். பெயர் இத்தாலிய இசையமைப்பாளர் ஜொவாக்கினோ ரொசினியுடையது. 1829 இல் 'வில்லியம் டெல்' வந்த பிறகு ஒப்பரா எழுதுறதையே நிப்பாட்டிப்போட்டு, 1868 இல் பாரிஸில் சாகும்வரைக்கும் நல்லாச் சாப்பிட்டு வாழ்ந்த மனிசன். இதை முதலில் ஆர் செய்தது எண்டதுக்கு ஆளுக்கொரு கதை சொல்லுவினம். எனக்கு அந்த வழக்கு வேண்டாம்.

ஃபுவா கிராவையும் ட்ரஃபிளையும் தேடி அலைய வேண்டாம். ரெண்டையும் விட்டுவிட்டும் இதை அரச விருந்தாக்கலாம். சோஸை மட்டும் விட ஏலாது. காசை எலும்பிலயும் பட்டரிலயும் போடுங்கோ, ஒரு நாளை அடுப்புக்குக் குடுங்கோ.

நாலு பேருக்குக் கணக்குச் சொல்லுறன். மாட்டெலும்பு 2 கிலோ, முழங்கால் மூட்டோட. மூட்டில் இருக்கிற சவ்வுதான் சோஸைப் பிசுபிசுப்பாக்கும். வெறும் எலும்பு தண்ணியாகத்தான் நிக்கும். அவண் இருந்தால் 220 பாகையில் முக்கால் மணித்தியாலம், எலும்பு நல்ல மண்ணிறமாக வரும்வரைக்கும் வாட்டுங்கோ. இல்லாட்டி கனமான இரும்புத் தாச்சியில் புரட்டிப் புரட்டி வறுக்கலாம். வெள்ளையாக விட்டால் சோஸ் கஞ்சி நிறத்தில் வரும். எங்கட பக்கத்து வீட்டு மாமி மாடு தொடமாட்டா. எலும்பு வாட்டுற நாளை நான் முதலே சொல்லிவிடுவன், அவ அண்டைக்கு மகள் வீட்டுக்குப் போயிடுவா.

பிறகு பெரிய பானையில் எலும்பைப் போட்டு, அதே தாச்சியில் ரெண்டு கரட், ஒரு லீக்ஸ், ரெண்டு பெரிய வெங்காயம் எல்லாத்தையும் கறுப்படையாமல் வதக்கி, ரெண்டு மேசைக்கரண்டி தக்காளிப் பேஸ்ட்டும் சேர்த்துப் பிரட்டி அதுக்குள்ள கொட்டுங்கோ. பத்து மிளகு, கொஞ்சம் தைம். கறிவேப்பிலைக்கும் ரம்பைக்கும் கை தானாகப் போகும். கையைக் கட்டி வையுங்கோ. உப்பும் இப்ப வேண்டாம். எலும்பு மூடத் தண்ணி விட்டு, ஆறு ஏழு மணித்தியாலம் விடுங்கோ. காஸ் விலைக்கு இதைக் காஸில் செய்யச் சொல்ல எனக்கு மனமில்லை. பின்வளவு விறகடுப்புத்தான் சரி: ஒரு கட்டையை வெளிய இழுத்து, தணல் மட்டும் இருக்கிற மாதிரி. தண்ணி கொதிச்சுக் குதிக்கக் கூடாது; ஓரத்தில் ஒண்டு ரெண்டு குமிழ் வந்தால் போதும். கொதிச்சால் கொழுப்புக் கலங்கிப் போகும், பிறகு தெளியாது. அவசரக்காரர் பிரஷர் குக்கரில் ரெண்டு மணித்தியாலம் வைக்கலாம், பழுதில்லை.

வடிச்சு, ஒரு இரவு ஃப்ரிட்ஜில் வைச்சால் கொழுப்பு மேல கட்டிபடும். அதை எடுத்தெறிஞ்சுபோட்டு, மிச்சத்தை ஒரு பெரிய கப் அளவுக்கு வரும்வரைக்கும் வத்த விடுங்கோ. ஆறின பிறகு ஜெலி மாதிரி ஆடினால் வேலை சரி.

இறைச்சியும் அதே நேரம் ஃப்ரிட்ஜில் கிடக்கட்டும். எங்கட கடையில் விடிய அறுத்தது காலமையே கைக்கு வரும். அந்தச் சூட்டோட வாட்டினால் றப்பர்தான். துணியால் ஒற்றி, தட்டில் திறந்தபடி ரெண்டு நாள் வையுங்கோ. மேல்தோல் காஞ்சு வரும், அதுதான் பிறகு நல்லா முறுகும். மேல இருக்கிற வெள்ளிச் சவ்வைக் கத்தி நுனியை உள்ள விட்டு, சவ்வை மேல் பக்கம் இழுத்தபடி சீவி எடுங்கோ. அது எவ்வளவு வாட்டினாலும் இளகாது, சுருங்கி இறைச்சியை வளைக்கும். பிறகு நாலு துண்டு, ஒவ்வொண்டும் 170 கிராம் அளவில், 4 சென்ரிமீட்டர் தடிப்பு. இடுப்பைச் சுத்தி பருத்தி நூலால் ஒரு கட்டுக் கட்டினால் வட்டமாக நிக்கும், ஒரே மாதிரி வேகும். நைலோன் நூலைப் பக்கத்திலயும் கொண்டு வராதேங்கோ.

ஈரலுக்கு: கோழி ஈரல் 250 கிராம். பச்சை படிஞ்ச இடம் இருந்தால் வெட்டி எறியுங்கோ, பித்தம் பட்டது முழுச் சட்டியையும் கசக்கப் பண்ணும். பாலில் ஒரு மணித்தியாலம் ஊறவைச்சு, ஒற்றி எடுத்து, நாலஞ்சு சின்ன வெங்காயம், ஒரு பல்லு உள்ளி வதக்கின பட்டரில் ஈரலை உள்ளயும் வேகுமட்டும் பொரியுங்கோ. ஈரலில் அரைவேக்காட்டு விளையாட்டு வேண்டாம், வயிறு கலக்கும். ஒரு மேசைக்கரண்டி பிராண்டி விட்டு வத்த விட்டு, கொஞ்சம் சூடு ஆறின பிறகு பிளெண்டரில் 125 கிராம் குளிர்ந்த பட்டரைத் துண்டு துண்டாகப் போட்டு அடியுங்கோ. அவ்வளவு பட்டரா எண்டு கேட்கக் கூடாது. ஃபுவா கிரா எண்டது கட்டாயத் தீனி போட்டுக் கொழுக்க வைச்ச ஈரல். அந்தக் கொழுப்பை நாங்கள் வெளியால இருந்து குடுக்கிறம், அவ்வளவுதான். அரிதட்டில் தேய்ச்சு வடிச்சு, நீட்டாக உருட்டிச் சுத்தி, நாலு மணித்தியாலமாவது குளிர வையுங்கோ. உண்மையான ஃபுவா கிரா எண்டால் தாச்சியில் போட்டு வாட்டலாம்; இதை வாட்டினால் உருகி ஓடிப்போயிடும். குளிராகவே வட்டமாக வெட்டி வைக்கிறதுதான்.

ட்ரஃபிளுக்குப் பதில் பட்டன் காளான். மெல்லிசாகச் சீவி, தண்ணி முழுக்க வத்தி ஓரம் மண்ணிறமாக வரும்வரைக்கும் பட்டரில் பொறுமையாக வதக்குங்கோ. ஆராவது வெளிநாட்டில் இருந்து ட்ரஃபிள் எண்ணெய் கொண்டு வந்து தந்தால் நன்றி சொல்லி அலுமாரிக்குள்ள வையுங்கோ. அதில் அனேகமானது தொழிற்சாலையில் செய்த வாசம். சோஸை அடிச்சுப் போடும்.

இனிக் கடைசி இருபது நிமிசம். பாணை ஒன்றரைச் சென்ரிமீட்டர் தடிப்பில் வட்டமாக வெட்டி நெய்யில் ரெண்டு பக்கமும் பொன்னிறமாகப் பொரிச்சு எடுங்கோ. பிரெஞ்சுக்காரன் இதுக்கெண்டு பட்டரை உருக்கித் தெளிய வைப்பான். எங்கட வீட்டில் நெய்ப் போத்தல் ஏற்கெனவே இருக்கு. இறைச்சியை அரை மணித்தியாலத்துக்கு முன்னம் வெளிய எடுத்தால் போதும். கச்சான் எண்ட சூடான தென்மேல் காத்து அடிக்கிற நாளில் அந்த அரை மணித்தியாலமும் அதிகம். புத்தகத்தில் ஒரு மணித்தியாலம் எண்டு போட்டிருக்கும், அது குளிர் நாட்டுக் கணக்கு. கல்லுப்பும் இடிச்ச மிளகும் வாட்டுறதுக்குச் சற்று முன்னம்.

இரும்புத் தாச்சி புகை வரக் காய வேணும். எண்ணெய் ஒரு கரண்டி, இறைச்சியை வைச்சுவிட்டு அசைக்காதேங்கோ. மூண்டு நிமிசம், திருப்பி ரெண்டு நிமிசம், ஓரத்தையும் உருட்டி வாட்டுங்கோ. அதுக்குப் பிறகுதான் பட்டர். முதலே போட்டால் பட்டரில் இருக்கிற பால் கருகிக் கசக்கும். அடுப்பைக் குறைச்சு, ஒரு தட்டின உள்ளி, தைம் போட்டு, நுரைக்கிற பட்டரைக் கரண்டியால் அள்ளி அள்ளி மேல ஊத்துங்கோ, ஒரு நிமிசம்.

வெப்பமானி இருந்தால் நடுவில் 52 பாகையில் இறக்குங்கோ, ஆற வைக்கேக்க இன்னும் மூண்டு நாலு ஏறும். அது உள்ள இளஞ்சிவப்பாக இருக்கிற பதம். இல்லாட்டி மெல்லிய இரும்புக் கம்பி ஒண்டை நடுவரைக்கும் குத்தி, பத்து எண்ணி, எடுத்துக் கீழுதட்டில் வையுங்கோ. குளிராக இருந்தால் பச்சை, மெல்லிய வெதுவெதுப்பு எண்டால் இறக்கலாம், சுட்டால் கடந்துபோச்சு. பாரிஸில் எனக்குப் பழக்கினது இந்தக் கம்பிதான். நூலை வெட்டி, ஆறு நிமிசம் ஆற விடுங்கோ.

வீட்டில் அம்மா "ரத்தம் வடியுது" எண்டு சொல்லுவா. அது ரத்தம் இல்லை. தசையில் இருக்கிற மயோகுளோபின் எண்ட சிவப்புப் புரதம் தண்ணியோட வாறது. இந்த விளக்கத்தால் அம்மா மாறமாட்டா. அவவுக்கு உரிய துண்டைக் குறுக்கால ரெண்டாக வெட்டி, மெல்லிசாக முழுக்க வேகவைச்சுக் குடுங்கோ. தடிச்ச துண்டைக் கால்மணித்தியாலம் அடுப்பில் வைச்சு நாராக்காதேங்கோ.

இறைச்சி ஆறுகிற நேரத்துக்குள்ள சோஸ். தாச்சிக் கொழுப்பை ஊத்திவிட்டு, அடியில் ஒட்டினதில் கைவைக்காமல், 100 மில்லி மதேரா விடுங்கோ. மதேரா கிடைக்காட்டி போர்ட், அதுவும் இல்லாட்டி கொஞ்சம் இனிப்பான சிவப்பு வைன். மரக்கரண்டியால் அடியைச் சுரண்டி, மூண்டில் ஒரு பங்காக வத்தின பிறகு ஜெலியைப் போடுங்கோ. கரண்டியின் பின்பக்கத்தில் விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிக்க வேணும். இறக்கி, குளிர்ந்த பட்டர் 30 கிராம் போட்டுத் தாச்சியைச் சுழட்டினால் பளபளப்பு வரும். உப்பு இப்பதான், ருசி பார்த்து. மது சேர்க்காத வீட்டில், ஒரு பிடி முந்திரிகை வற்றலை (உலர்ந்த திராட்சையை) சுடுதண்ணியில் ஊறவைச்சுப் பிழிஞ்ச சாறும் சில துளி தேசிக்காய்ப் புளியும். ஈரலுக்குப் பிராண்டியையும் விட்டுவிடுங்கோ. கிண்ணியாவில் ஒரு கூட்டாளி வீட்டில் அப்படித்தான் செய்து குடுத்தனான், சட்டியை வழிச்சுச் சாப்பிட்டவை.

சூடாக்கின கோப்பையில் பாண், இறைச்சி, ஒரு சென்ரிமீட்டர் ஈரல் வட்டம், காளான். சோஸைச் சுத்திவர விடுங்கோ, பாணுக்கு மேல ஊத்தினால் ஊறிப் போயிடும். ஈரல் கடைசி வேலை. எங்கட வெக்கைக்கு அது நிமிசக்கணக்கில் இளகி இறைச்சியில் வழியத் தொடங்கும். அதைத்தான் நாங்களும் விரும்பிறம், ஆனால் மேசைக்குப் போன பிறகு. பக்கத்தில் பட்டரில் பிரட்டின கீரை. ஆராவது சோறு கேட்டால் குடுங்கோ, அந்தச் சோஸ் சோத்துக்கும் நல்லாத்தான் இருக்கும்.

மிஞ்சின ஈரல் ஃப்ரிட்ஜில் மூடி மூண்டு நாள் நிக்கும், வாட்டின பாணில் பூசலாம். எலும்புச் சாறு மிஞ்சினால் ஐஸ் தட்டில் ஊத்தி உறைய வையுங்கோ. அடுத்த முறைக்கு விறகு மூட்டத் தேவையில்லை.